மழை வருமா என்பது எனக்குப் பாதிக் கேள்விதான்: சிங்கப்பூர் வானிலைச் சேவைகள், ஒரு சைட் சேஃப்டியின் மதிப்பீடு

மார்க்கை முதலிலேயே போட்டுவிடுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் இதோடு கிளம்பலாம். மைஎன்வ் செயலிக்கு ஐந்துக்கு நான்கு. வானிலை ஆய்வகத்தின் வெதர்.கவ்.எஸ்ஜி தளத்தில் உள்ள மழை ரேடாருக்கு ஐந்துக்கு ஐந்து. தண்ணீர் வாரியமான பியூபி நடத்தும் டெலிகிராம் வெள்ள எச்சரிக்கைக்கு நாலரை. டேட்டா.கவ்.எஸ்ஜி என்ற அரசுத் தளம் தரும் திறந்த தரவுக்கு நான்கு. அதுவும் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால்தான். ஃபோன் வாங்கும்போதே அதோடு ஒட்டிக்கொண்டு வரும் வானிலைச் செயலிக்கு ஒன்று. அந்த ஒன்றும் மேகப் படம் அழகாக இருப்பதற்காக.

நான் தெங்காவில் ஒரு பிடிஓ (அரசாங்க அடுக்குமாடி வீடு) கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர். "சேஃப்டி வர்றாரு" என்று ஒரு குரல் கேட்டால் பத்துப் பேர் ஹெல்மெட் வாரை இழுத்துப் பூட்டுவார்களே, அந்த ஆள். குடை எடுத்துப் போகலாமா, துணி காயப் போடலாமா என்று பார்ப்பவர்களுக்கு என் மதிப்பீடு முழுதாகப் பொருந்தாது. எனக்கு மழை என்றால் கணக்கு வேறு. டவர் கிரேனை நிறுத்தணுமா? கோண்டோலாவில் தொங்குகிறவனை இறக்கணுமா? காங்கிரீட் லாரியை வரச் சொல்லலாமா, வேண்டாமா? இதற்குப் பதில் சொல்ல உதவுகிற சேவைக்குத்தான் என்னிடம் மார்க்.

அந்த ஃபோன் செயலியை ஏன் கழித்துக்கட்டினேன் என்று சொல்லிவிடுகிறேன். அது சிங்கப்பூர் முழுவதையும் ஒரே புள்ளியாக வைத்துக்கொண்டு, தினமும் இடி மழைச் சின்னம் போடுகிறது. இந்த ஊரின் மழை அப்படிப் பெய்வதில்லை. மதிய வெயிலில் சூடேறி எழும் மேகம் சில கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும். முக்கால் மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுக் கலைந்துவிடும். ஜூரோங் வெஸ்ட்டில் வாய்க்கால் நிரம்பி ஓடும்போது தெம்பனிஸில் தார்ச்சாலை காய்ந்து கிடக்கும். அதனால்தான் இங்குள்ள வானிலை ஆய்வகம் பிரிட்டிஷ் வானிலை அலுவலகத்தோடு சேர்ந்து சிங்வி என்று தனி மாதிரியே உருவாக்கியது. ஒன்றரைக் கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது அது. உலகம் முழுவதற்கும் போடும் கணக்கைக் கொண்டுவந்து இந்தத் தீவின் மேல் கவிழ்த்தால் எல்லா நாளும் மழை நாளாகத்தான் தெரியும்.

மைஎன்வ் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் செயலி. வானிலை, காற்றுத் தரம், டெங்கி வட்டாரம், உணவங்காடி நிலையம் எல்லாம் ஒரே கூரைக்குள். கொசு விஷயத்தையும் மழையையும் ஒரே இடத்தில் வைத்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. எங்கள் வேலையில் மழை நின்ற மறுநாள் முதல் வேலையே ஸ்காஃபோல்டிங் பலகை, பாதி திறந்த பெயின்ட் வாளி, லிஃப்ட் குழி என்று தேங்கிய தண்ணீரைத் தேடிக் கொட்டுவதுதான். இந்தச் செயலியில் நான் அதிகம் பார்ப்பது இரண்டு மணி நேர முன்னறிவிப்பு. தீவை 47 வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். தெங்காவுக்குத் தனிப் பெயரே உண்டு. புலாவ் தெக்கோங்குக்கும் உண்டு, பிள்ளைகளைத் தேசிய சேவைக்கு அனுப்பிய அம்மாக்கள் அதையும் பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன். 24 மணி நேர முன்னறிவிப்பு தீவை ஐந்து பகுதிகளாகச் சுருக்கிவிடும், மறுநாள் வேலைப் பட்டியல் போட அது போதும். நான்கு நாள் கணிப்பைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. பாதி ஆண்டுக்கு "பிற்பகலில் இடியுடன் மழை" என்று எழுதி வைத்தால் நானும் முக்கால்வாசி சரியாகச் சொல்லிவிடுவேன்.

இனி ரேடார். மூன்று அளவில் படம் கிடைக்கிறது: தீவை மட்டும் காட்டும் நெருக்கப் படம், 240 கிலோமீட்டர், 480 கிலோமீட்டர். பலரும் முதல் படத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்குச் சோறு போடுவது நடுப்படம். ஏப்ரல் தொடங்கி நவம்பர் வரைக்கும் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து ஒரு காற்று மழை வரிசை கிளம்பி வரும். சுமத்ரா ஸ்குவால் என்பார்கள். ரேடாரில் மலாக்கா நீரிணைக்கு மேல் மேலும் கீழுமாக நீண்ட ஒரு வில் போலத் தெரியும், முன்விளிம்பு சிவப்பு, பின்னால் மஞ்சளும் பச்சையும் வெளுத்துக்கொண்டே போகும். முதல் அடி துவாஸுக்கு, கடைசி அடி சாங்கிக்கு. நாங்கள் மேற்கே இருப்பதால் எங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் குறைவு.

ஒரு தடவை ஸ்லாப் காஸ்டிங், அதாவது மாடித் தளத்துக்குக் காங்கிரீட் கொட்டுவது, எட்டு மணிக்கு என்று முடிவாகியிருந்தது. காலை ஐந்தரைக்கு லாரியில் வரும்போதே 240 படத்தில் அந்த வில்லைப் பார்த்தேன். சில நிமிடத்துக்கொரு தடவை படம் மாறுகிறது. இரண்டு படத்துக்கு இடையில் விளிம்பு எவ்வளவு நகர்ந்தது என்று விரலால் அளந்தால், எத்தனை மணிக்கு நம் தலைக்கு மேல் வரும் என்று ஏறத்தாழ வந்துவிடும். ஏழரை என்று வந்தது. லிஃப்டிங் சூப்பர்வைசர் மன்னார்குடிக்காரர், என்னைவிட நாலைந்து வயது இளையவர். "வானம் பளிச்னு இருக்கேண்ணே, லாரிய நிறுத்துனா பேட்சிங் பிளான்ட்காரன் கத்துவான்" என்றார். நட்சத்திரம் கூடத் தெரிந்தது, உண்மைதான். படத்தைக் காட்டினேன். பதினொரு மணிக்கு மாற்றினோம். ஏழே முக்காலுக்குப் பிளைவுட் பலகை பறக்கிற அளவுக்குக் காற்று. அந்நேரம் பூம் பம்ப் கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. காங்கிரீட் மேல்பூச்சு சிமென்ட் பாலாகக் கரைந்து ஓடுவது அதற்கு அடுத்த கவலை. இந்த ஊரில் பதிவான மிக வேகமான காற்று 1984 ஏப்ரல் 25-இல் வீசியது, மணிக்கு 144.4 கிலோமீட்டர். பதிவான இடம் எங்கள் தெங்காவேதான். அதனால் ஐந்துக்கு ஐந்து. ரேடார் எதையும் கணித்துச் சொல்வதில்லை, மழை இப்போது எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டுகிறது. அதைப் படிக்கக் கற்றுக்கொண்டால் இரண்டு மணி நேர முன்னறிவிப்பின் சொற்களைவிட அது உதவும்.

பியூபியின் டெலிகிராம் அலைவரிசைக்கு நாலரை கொடுத்ததற்குக் காரணம் அதன் செய்தி அமைப்பு. எந்தச் சாலை, எந்தச் சந்திப்பு, திடீர் வெள்ளத்துக்கு வாய்ப்பிருக்கிறதா இல்லை ஏற்கெனவே வந்துவிட்டதா, எந்நேரம் வெளியிட்டது, அடுத்த ஒரு மணி நேரத்துக்கு அந்தப் பக்கம் போகாதே. அவ்வளவுதான். வடிந்ததும் வடிந்துவிட்டது என்று இன்னொரு செய்தி. எங்கள் ஆட்களைத் தங்கும் விடுதிக்கு ஏற்றிப் போகும் லாரி ஓட்டுநர் சீனர். அவருக்கு நான் செய்தியை அப்படியே தள்ளிவிடுகிறேன், சாலைப் பெயர் பார்த்தாலே அவருக்குப் போதும். மழைக்குப் பிறகு மழைமானி நிலையங்களின் அளவுகளைத் தனியே பார்த்துக்கொள்கிறேன், அது ஈசிஎம் வேலைக்கு, அதாவது மண் கரைந்து வாய்க்காலுக்குப் போகாமல் தடுப்பதற்கு. தளத்திலிருந்து வாய்க்காலுக்குப் போகும் தண்ணீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் மண் கலந்திருக்கக் கூடாது. கனமழை வருமுன் தொட்டியைக் காலி செய்து வைக்காவிட்டால் செம்மண் தண்ணீர் நேராக வாய்க்காலில்தான் இறங்கும். 2025 ஜனவரியில் பருவக்காற்று வலுத்து வரப்போகிறது என்று ஆய்வகம் முன்கூட்டியே சொல்லியிருந்தது. 10, 11 ஆகிய இரண்டே தேதிகளில் சாங்கியில் பெய்தது அந்த மாதம் முழுவதற்குமான சராசரியைத் தாண்டியது. நாள் கணக்கில் முன்னறிவிப்புக் கிடைப்பது அந்த மாதிரி மழைக்குத்தான் சாத்தியம். மதிய இடிமழைக்கு யாராலும் முடியாது.

வெயிலுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் இந்தச் சேவைகளில் நடந்த பெரிய மாற்றம் மழையில் இல்லை, இங்கேதான். 2023 ஜூலையில் வெப்பத் தாக்க எச்சரிக்கை என்று ஒன்றைத் தொடங்கினார்கள். வெறும் வெப்பநிலையை விட்டுவிட்டு டபிள்யூபிஜிடி என்ற அளவை மக்கள் முன் வைத்தார்கள். ஈரத் துணி சுற்றிய வெப்பமானிக்கு பத்தில் ஏழு பங்கு, வெயிலில் வைத்த கறுப்பு உருண்டைக்கு இரண்டு பங்கு, சாதாரணக் காற்று வெப்பத்துக்கு ஒரே பங்கு. ஈரத்துக்கு ஏன் இத்தனை பங்கு என்று இங்கே வேலை செய்தவனுக்குச் சொல்ல வேண்டாம். வியர்வை காயாத நாளில்தான் ஆள் விழுவான். அதே 2023-இல் மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி தொட்டது. அதற்கு முன் 1983-இல் 37 தொட்டதும் தெங்காதான், இந்த மண்ணுக்கு என்ன ராசியோ.

பொதுமக்களுக்கான எச்சரிக்கையில் மூன்று படி. 31-க்குக் கீழே குறைவு, 31 முதல் 33-க்குள் நடுத்தரம், 33-உம் அதற்கு மேலும் அதிகம். அதே ஆண்டு அக்டோபரில் மனிதவள அமைச்சு விதி கொண்டுவந்தது: கடும் உடலுழைப்பு என்றால் 32 தொட்டதும் மணிக்குப் பத்து நிமிடமாவது ஓய்வு, 33 தொட்டால் பதினைந்து நிமிடம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எனக்கு வேலையை நிறுத்தும் கோடு 32. செயலியின் படியில் அது "நடுத்தரம்" என்பதன் நட்டநடுவில் மறைந்து கிடக்கிறது. படியின் பெயரை மட்டும் பார்க்கும் ஃபோர்மேனுக்கு 31.2-உம் 32.6-உம் ஒன்றுதான். ஆகவே எண்ணைப் பார் என்று, வேலைக்கு முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுகிறேன். பொதுமக்களுக்குப் போட்ட படி, வேலைத்தளத்துக்குப் போட்ட விதி, இரண்டும் வெவ்வேறு ஆட்களுக்கு என்பது புரிகிறது. இருந்தாலும் 32-இல் ஒரு தனி அறிவிப்பு வரும்படி அமைத்துக்கொள்ள வழி வைத்தால் இன்னும் அரை மார்க் கூடப் போடுவேன்.

எங்கள் தளம் ஐம்பது லட்சம் வெள்ளிக்கு மேற்பட்ட ஒப்பந்தம் என்பதால் சொந்த மீட்டர் வைத்தாக வேண்டும். முக்காலியில் நிற்கும் கருவி, மேலே டென்னிஸ் பந்தைவிடச் சின்னதாகக் கறுப்பு உருண்டை, பக்கத்தில் காலுறை மாதிரி வெள்ளைத் திரி. அந்தத் திரி எப்போதும் நனைந்திருக்க வேண்டும். காலையில் வடித்த நீர் ஊற்ற மறந்தால் பதினொரு மணிக்குத் திரி காய்ந்து, அளவு பொய்யாக ஏறி, நமக்கு ஓய்வு கூடுதலாகக் கிடைக்கும். ஆட்களுக்கு இது தெரியும். கம்பி கட்டும் இடத்தில் இருந்த ஒரு தம்பி, "அண்ணே, தண்ணி நான் ஊத்துறேன்" என்று தானாக முன்வந்தபோது நான் சிரித்துவிட்டு நானே ஊற்றினேன். செயலியில் காட்டும் நிலைய அளவும் எங்கள் மீட்டரும் அடிக்கடி ஒத்துப்போகாது. நிலையத்தைச் சுற்றிப் புல். எங்களைச் சுற்றி இரும்புக் கம்பியும் வெள்ளைக் காங்கிரீட்டும். மீட்டர் வைத்திருக்கிற தளத்துக்கு மீட்டர் சொன்னதுதான் சட்டம். மீட்டர் இல்லாத சின்ன ரெனோவேஷன் வேலை, தோட்ட வேலை, சாலை பெருக்குகிற வேலை செய்பவர்களுக்கு அந்தச் செயலி எண் பெரிய உதவி.

மின்னலில் எனக்குக் கசப்பு உண்டு. முன்பு வேலை பார்த்த தளத்தில் ஒரு தனியார் நிறுவனத்தின் எஸ்எம்எஸ் எச்சரிக்கைக்கு மாதக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். இடி காதைப் பிளந்து, நானே எல்லோரையும் இறக்கி, கன்டெய்னருக்குள் உட்கார்ந்து காப்பி குடிக்கும்போது "எச்சரிக்கை" என்று குறுஞ்செய்தி வரும். அதைவிட மோசம், எப்போது முடிந்தது என்று சொல்லவே சொல்லாது. கட்டுமானத்தில் நிறுத்துவது சுலபம், திரும்பத் தொடங்குவதில்தான் சண்டை. புராஜெக்ட் மேனேஜர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை "ஓகேயா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் என்று நான் ஒரு கோடு வைத்திருக்கிறேன். ஆய்வகத் தளத்தின் மின்னல் வரைபடம் அதற்குக் கைகொடுக்கிறது. மேகத்துக்குள் வெட்டியது எது, தரையில் இறங்கியது எது என்று பிரித்தே காட்டுகிறது. மேனேஜரிடம் வாய்ச்சண்டை போடுவதைவிடத் திரையைத் திருப்பிக் காட்டுவது எளிது.

திரை என்றதும் அக்கா மகனின் கைவரிசையைச் சொல்ல வேண்டும். பாலிடெக்னிக்கில் படிக்கிறான். சைட் அலுவலகத்தில் சும்மா கிடந்த பழைய டிவியில், டேட்டா.கவ்.எஸ்ஜி தரும் தரவு ஓட்டத்தை எடுத்து எங்களுக்கென்று ஒரு பலகை செய்து கொடுத்தான். முன்பு சுற்றுப்புற வாரியம் தனியாக எக்ஸ்எம்எல் என்ற தரவு வடிவில் தந்துகொண்டிருந்தது. பிறகு எல்லாம் டேட்டா.கவ்.எஸ்ஜிக்கு வந்து ஜேசான் என்ற வடிவம் ஆனது, அதிலும் இப்போது இரண்டாம் பதிப்பு. பதிப்பு மாறியபோது ஒரு சாயங்காலம் உட்கார்ந்து முகவரிகளையும் புலங்களையும் மாற்றி எழுதினான், இரவுச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிட்டது.

ஒவ்வொரு வானிலை நிலைக்கும் இரண்டெழுத்துக் குறியீடு உண்டு. டிஎல் என்றால் இடியுடன் மழை, சிஎல் மேகமூட்டம், எச்இசட் புகைமூட்டம். எங்களுக்கு முக்கியமானது எச்ஜி: பலத்த காற்றோடு கூடிய கனமான இடிமழை. எச்ஜி வந்தால் பலகை சிவப்பாகும்படி வைத்திருக்கிறான். பழைய குறியீட்டுப் பட்டியலில் எஸ்என், எஸ்எஸ் என்று இரண்டு இருந்தன, பனியும் பனித்தூறலும். "மாமா, இந்த ஊர்ல என்னைக்கு மாமா பனி பெய்யும்?" என்று கேட்டான். "லிஃப்ட் நேரத்துக்கு வர்ற அன்னைக்கு" என்றேன்.

குறியீட்டின் அருமை எங்கள் மாதிரி இடத்தில்தான் தெரியும். தளத்தில் தமிழ், வங்காளம், சீனம் மூன்றும் ஓடுகிறது. எச்ஜி என்ற இரண்டு எழுத்து வந்தால் போதும், அதற்கு எதிரே மூன்று மொழியிலும் குரல் பதிவு ஒட்டிவிடலாம். தமிழ்ப் பதிவில் என் குரல், வங்காளத்துக்கு எங்கள் ரிகர், கிரேனில் பாரம் கட்டுபவர். ஆனால் 24 மணி நேர ஓட்டத்தில் குறியீடும் சொல்லும் சேர்ந்து வர, இரண்டு மணி நேர ஓட்டத்தில் ஆங்கிலச் சொற்றொடர் மட்டும்தான் வருகிறது. அந்தச் சொற்றொடரில் ஒரு எழுத்து மாறினாலும் எங்கள் பலகை விழிக்கும். அவசரத்துக்கு உதவுவது எதுவோ அதில்தான் குறியீடு இல்லை. ஒரு மார்க் குறைந்தது இதற்கு.

வெளியுலகில் இதெல்லாம் எங்கே போகிறது என்று பையன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அமெரிக்க வானிலைச் சேவை, தந்தி இயந்திரக் காலத்துப் பழக்கத்தில், ஆங்கிலப் பெரிய எழுத்திலேயே எழுதிக்கொண்டிருந்து, 2016 மே மாதம்தான் அதைக் கைவிடத் தொடங்கியதாம். நாடுகளுக்கிடையே தரவு போகிற பழைய வலையை உலக வானிலை அமைப்பு படிப்படியாக மூடிவிட்டு, விஸ் 2.0 என்ற இணையவழி ஏற்பாட்டுக்கு 2025-இலிருந்து மாறிக்கொண்டிருக்கிறது. எச்சரிக்கைகளுக்கென்று கேப் என்ற பொது வடிவம் இருக்கிறது, 1.2 பதிப்பு 2010-இலேயே வந்துவிட்டது. எவ்வளவு அவசரம், எவ்வளவு கடுமை, எவ்வளவு உறுதி, மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம். ஒரே எச்சரிக்கைக்குள் பல மொழி வைக்கலாம். அதோடு "என்ன செய்ய வேண்டும்" என்பதற்கென்றே ஒரு கட்டம். எனக்குப் பிடித்தது அந்தக் கடைசிக் கட்டம். பியூபி செய்தி நல்லதாக இருப்பதும், வெப்ப விதி வேலை செய்வதும் அதில் செய்ய வேண்டியது எழுதியிருப்பதால். மழைச் சின்னத்தில் அது இல்லை. இரண்டு மணி நேர முன்னறிவிப்பில் பலத்த காற்றோடு இடிமழை என்று மட்டும் பார்த்துவிட்டு கிரேன் ஓட்டுநரை இறக்குவதா வேண்டாமா என்பதை நான்தான் முடிவு செய்கிறேன், அது என் சம்பளத்துக்கான வேலை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

புகைமூட்டம் பற்றி ஒரு வரி: 2013 ஜூனில் பிஎஸ்ஐ என்ற காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401 தொட்டதை இங்கிருந்த யாரும் மறக்கவில்லை. இப்போது வெளிவேலைக்குப் போகுமுன் 24 மணி நேர பிஎஸ்ஐயை விட ஒரு மணி நேர பிஎம் 2.5 (நுண்துகள்) அளவைப் பாருங்கள். இந்த நேரத்தில் மூச்சில் போவது அதுதான்.

எல்லாமே இலவசம். வீட்டிலிருப்பவர்களுக்கு மைஎன்வ் ஒன்று போதும், உங்கள் வட்டாரத்தைச் சேர்த்துவிட்டு அறிவிப்பில் கனமழையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் போட்டால் ஃபோன் கத்திக்கொண்டே இருக்கும், இரண்டாம் வாரம் நீங்களே மொத்தமாக அணைத்துவிடுவீர்கள். வண்டி ஓட்டுபவர்கள் பியூபி டெலிகிராமில் சேருங்கள். டெலிவரி, கட்டுமானம், தோட்ட வேலைக்காரர்கள் ரேடார் பக்கத்தை ஃபோன் முகப்பில் வைத்துக்கொள்ளுங்கள், 240 கிலோமீட்டர் படத்தை.